முதுகு காட்டாத ஆட்டம்

இராஜமாணிக்கம் கிராணிக்கு ஸ்நூக்கர் ஆடத் தெரியும் என்று அந்த மலாயா ரப்பர்த் தோட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் நம்பினார். அவர் புதுத் துரை. சொன்ன கிராணியே அதை நம்பவில்லை.

வாய் தவறி வந்த பொய் அது. துரை வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் வந்த வாரமே ரெம்பாவ் ரோட்டில் பக்கத்துத் தோட்டத்துத் துரையின் காரைக் காட்டுக்காரர்கள், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள், சுட்டார்கள். அதோடு சிரம்பான் கிளப்புக்குப் போய்க் குடித்து ஆடிவிட்டு வரும் சுகம் எல்லாத் துரைமார்களுக்கும் நின்று போயிற்று. கூலி லயத்து ஆட்களைச் சுற்றி முள்கம்பி, துரையைச் சுற்றி மணல் மூட்டை. பங்களாவுக்குக் கீழே மேட்டில் பலகை வீடாக நின்ற கிளப்பில் ஒரு பில்லியர்ட் மேஜை கிடந்தது. அதில் தனியாகப் பந்தைத் தட்டிச் சலித்துப்போன துரை ஒருநாள் ஆபீசுக்குள் வந்து, யாருக்காவது ஸ்நூக்கர் வருமா என்று கேட்டார். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி இராஜமாணிக்கம் எழுந்து நின்று, "சிரம்பானில் ஆடியிருக்கிறேன் சார்" என்று விட்டார்.

சிரம்பானில் அவர் செய்தது என்ன? யாரோ கூட்டிப்போன கிளப்பில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தண்ணீர் குடித்தது. பந்தியில் சாப்பிட்டவன் எல்லாம் மாப்பிள்ளையா? ஆனால் துரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தனக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகு குளிர்மலைக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர், திரும்பி வந்த முதல் சனிக்கிழமை மத்தியானம் ஆடுவோம் என்று சொல்லிப் போனார்.

அன்றே சாயந்தரம் கிராணி கிளப்புக்கு வந்தார். சன்னாசி மேஜைக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

சன்னாசிதான் கிளப்பின் மார்க்கர். யுத்தத்துக்கு முன்னால் சி ரூசாவில் துரைமார்கள் கடல் குளிக்க வந்து தங்கும் பங்களாவில் ஆறு வருடம் இதே வேலை. ஜப்பான்காரன் வந்து சயாம் ரயில் பாதை போட அவனை அள்ளிப்போனான். செத்தவர்களில் சேராமல் திரும்பி வந்தவனைப் பழைய துரை இந்த மேஜையோடு கட்டிப்போட்டார். பந்தைத் துடைக்க வேண்டும், பச்சைத் துணிக்கு ஒரே பக்கமாகப் பிரஷ் போட வேண்டும், துரைமார்கள் ஆடும்போது சுவரோடு சுவராக நின்று எண்ணிக்கைப் பலகையில் முள்ளை நகர்த்த வேண்டும். மார்க்கர் ஆடக் கூடாது. ஆனால் துரைமார்கள் சாப்பிட்டுத் தூங்கும் மத்தியானங்கள் வருடத்துக்கு எத்தனை! அந்த மத்தியானங்களில் சன்னாசி ஆடியதை அவர்கள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டுக் கம்பை அடுப்பில் வைத்திருப்பார்கள்.

கிராணி கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"டேய் சன்னாசி. எனக்கு ஆட்டம் கொஞ்சம் மறந்து போச்சு. ஞாபகப்படுத்தணும்."

"எது வரைக்கும் ஞாபகம் இருக்குங்கய்யா?"

கிராணி முறைத்தார். கையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தார். அதைப் பிரித்து, இடது கையை மேஜையில் ஊன்றுவதற்கு ஒரு பெயர், முன்னே பின்னே கம்பை ஆட்டிப் பார்ப்பதற்கு ஒரு பெயர் என்று ஐந்தாறு பெயர்களை ஒப்பித்தார். எல்லாம் சரியான பெயர்கள். பிறகு கம்பை எடுத்து அடித்தார். வெள்ளைப் பந்து ஒரு முழம் உருண்டு, எதையும் தொடாமல் நின்றது.

"படிப்பு நல்லா இருக்குங்கய்யா" என்றான் சன்னாசி.

அவனுக்கும் இதில் ஒரு காரியம் இருந்தது. அவன் பெண்சாதி ராக்கம்மா பதினாலாம் நம்பர் ரப்பர்க் காட்டில் பால் வெட்டுகிறவள். காட்டோரம். சுங்கை என்று ஒரு சின்ன ஓடை, அதைத் தாண்டினால் இருட்டுக் காடு. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு அடுத்த மரங்களை வெட்டிய மாயாண்டி குண்டு பட்டுச் செத்தான். காட்டுக்காரன் சுட்டான் என்று பட்டாளம் சொன்னது. பட்டாளம் சுட்டது என்று லயத்தில் சொன்னார்கள். மாயாண்டி ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் சுங்கைக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு பேர் ராக்கம்மாவைக் கூப்பிட்டு அரிசி கேட்டிருக்கிறார்கள். வேலிக் கேட்டில் சோதித்துத்தான் விடுகிறான், ஒரு பிடி சோறுகூடக் கொண்டு வர முடியாது என்றாளாம். அடுத்த தடவை கொண்டு வா என்று விட்டுப் போயிருக்கிறார்கள். கொடுத்தால் போலீஸ் மத்தா பிடித்துக்கொண்டு போவான். கொடுக்காவிட்டால் மாயாண்டி போன வழி. யார் எந்த நம்பரில் வெட்டுவது என்று விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் படிப்பது பெரிய கிராணி. ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசியிடம் கையை விரித்துவிட்டான்: "அது அய்யா பேனாலா. என் பேனா இல்ல."

"அய்யா, ஒரு விண்ணப்பம்" என்று சன்னாசி விஷயத்தைச் சொன்னான்.

கிராணி மோவாயைத் தடவினார். "நான் துரை முன்னால கேவலப்படாம ஆடி முடிச்சேன்னா, திங்கக்கெழமை பெரட்டுல உன் பொண்டாட்டி பேரை ரெண்டாம் நம்பருக்குப் படிக்கிறேன். ஆபீசுக்குப் பக்கத்துக் காடு. போதுமா?"

"அய்யா வாக்கு."

"வாக்கு."

அந்தப் பேச்சுக்காகத்தான் சன்னாசி மூன்று வாரம் அந்த மனிதனோடு மல்லுக்கட்டினான். கல்லில் நார் உரிக்கலாம். கிராணியைக் குனிய வைப்பது அதைவிடக் கஷ்டம்.

அவர் குனியவே மாட்டேன் என்றார். நிமிர்ந்து நின்று, கடைக்குட்டிக்குக் குச்சியால் அடி போடுகிற மாதிரி மேலிருந்து பந்தைக் குத்தினார். கம்பு மேல் மோவாய் உரச வேண்டும், அப்போதுதான் கண்ணும் கம்பும் பந்தும் ஒரே கோட்டில் நிற்கும் என்று சன்னாசி சொன்னதற்கு, "கூலிக்காரன்தான்டா குனிவான். இருபது வருசமா நான் மேஜைக்குப் பின்னால நிமிந்து உக்காந்திருக்கேன்" என்றார்.

"தொரையே குனிஞ்சுதாங்கய்யா ஆடுறாரு."

"எந்தத் துரை?"

"எல்லாத் தொரையும். பழைய தொரைக்குத் தொப்பை மேஜையில நசுங்கும். இருந்தாலும் குனிவாரு."

கிராணி யோசித்தார். துரை செய்தது என்றால் அது குனிவது ஆகாது, வேறு ஏதோ உயர்ந்த காரியம். ஜன்னல் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் குனிந்தார். இடுப்பு எலும்பு, திறக்காத பெட்டியின் கீல் மாதிரி சத்தம் போட்டது.

அடுத்தது கை. இடது கையைத் துணியில் எப்படி ஊன்றுவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. அடி உள்ளங்கையும் விரல் நுனிகளும் துணியில் அழுந்த வேண்டும். நடு முட்டிகள் மேலே கூரையாக எழும்ப வேண்டும். பெருவிரல் ஆள்காட்டி விரலோடு ஒட்டி நிமிர்ந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் விழ வேண்டும். அந்த வாய்க்காலில்தான் கம்பு ஓடும். கிராணியின் கை கருவாடு மாதிரி தட்டையாகக் கிடந்தது. விரலைப் பிடித்துச் சரிசெய்தால் ஒரு நிமிட வேலை. சன்னாசி கையை நீட்டினான். கிராணி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொடாதே. வாயால சொல்லு."

தொட்டால் என்ன ஒட்டிக்கொள்ளும் என்று சன்னாசி கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கிய கை; எத்தனை வருடம் சோப்பு போட்டாலும் கிராணி மூக்குக்கு அது நாறும். கேட்காமல் ஸ்டோருக்குப் போய் ஒரு மங்கு எடுத்துவந்தான். மரத்தில் பால் பிடிக்கிற சின்னப் பீங்கான் கிண்ணம். அதைத் துணி மேல் கவிழ்த்து வைத்தான்.

"இது மேல கைய விரிங்கய்யா. மூடுங்க. அடி உள்ளங்கையும் விரல் நுனியும் மட்டும் கீழ தொடட்டும். அப்படியே வச்சிருங்க, நான் மங்க உருவிக்கிறேன். கூரை விழக் கூடாது."

முதல் வாரம் முழுக்கக் கூரை விழுந்தது. இருபது வருடம் பால் வெட்டுகிறவர்களை ஏசிய மனிதர், மங்கின் மேல் கைவைத்துக்கொண்டு அரை மணி நேரம் வியர்த்து நின்றார். சன்னாசிக்கு அந்த அரை மணி நேரங்கள் பிடித்திருந்தன.

"வெள்ளைப் பந்துக்கும் கைக்கும் ஒரு சாண் இருக்கணுங்கய்யா. நீங்க ஒரு முழம் தள்ளி வைக்கிறீங்க. பந்து கடிக்காது."

"தெரியும்டா."

"பின் கைய இறுக்காதீங்க. கம்பு எங்கயும் ஓடிப் போகாது. நாலு பக்கமும் வேலி போட்டாச்சு."

"வாயை அடக்குடா."

"முழங்கைக்கு மேல அசையக் கூடாதுங்கய்யா. கீழ மட்டும் ஊஞ்சல் மாதிரி. பின்னால இழுத்து ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் நேரா விடுங்க. அடிச்ச ஒடனே தலையத் தூக்கி யாரு பாத்தாங்கன்னு பாக்காதீங்க. யாரும் பாக்கல. நான்தான் பாக்குறேன்."

கம்பு நேராகப் போகப் பழக, துரை குடித்துவிட்டுப் போட்ட பீர் போத்தலை மேஜையில் படுக்க வைத்தான். போத்தல் கழுத்தைத் தொடாமல் கம்பு நுனி உள்ளே போய் வர வேண்டும். கிளிங், கிளிங் என்று நாலு நாள் கேட்டது. ஐந்தாம் நாள் ஒரு தடவை கேட்கவில்லை. கிராணி கம்பை உள்ளேயே வைத்துக்கொண்டு அசையாமல், பெட்டைக்கோழி முட்டை போட்ட மாதிரிச் சன்னாசியைப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்கய்யா" என்றான். மனதுக்குள், ஒரு குரங்குக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இதற்குள் பைக்கு ஒரு பந்தாகப் போட்டிருக்கும், அதற்கு வாழைப்பழம் போதும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் வாரம் பந்து விழ ஆரம்பித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே விழுந்தது. நேரான பந்தைக் கிராணி பத்துக்கு ஏழு பையில் போட்டார். ராக்கம்மாவிடம் சன்னாசி சொன்னான்.

"ரெண்டாம் நம்பர் உனக்குத்தான். எழுதி வச்சுக்க."

அவள் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். "கெராணி வாக்க நம்பி நீ குனிஞ்சிருக்கியா, அவரு குனிஞ்சிருக்காரா?"

"அவருதான் குனிஞ்சாரு. நான் பாத்தேன்."

"குனிஞ்சவன் நிமிந்தா நம்மளத்தான் மொதல்ல மிதிப்பான்" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள். சோற்றில் கல் கிடந்தாலும் அரசாங்கத்தைத் திட்டுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் துரை வந்தார். குளிர்மலை அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. இடுப்பில் துப்பாக்கி, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. பட்டாளத்திலிருந்து வந்த மனிதர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிடம் நிற்க மாட்டார். கிராணி வெள்ளைக் காற்சட்டை கஞ்சிபோட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். சன்னாசி எண்ணிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றான்.

துரை முதல் அடி அடித்தார். சிவப்புப் பந்துகள் சிதறின. ஒன்று நடுப் பைக்கு நேராக வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். கிராணி கம்பு நுனிக்குச் சாக் பொடி தடவினார். நடந்தார். சரியான இடத்தில் நின்றார். குனிந்தார். கை, சன்னாசி மங்கு வைத்து வளர்த்த கை, அழகாகக் கூரை கட்டியது. அப்போது துரை சாலையைப் பார்க்க, கிராணிக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்குப் போனார்.

கிராணி சடக்கென்று நிமிர்ந்தார். திரும்பித் துரையைப் பார்த்துக் கம்பைக் காலோடு சேர்த்து நின்றார்.

"நீ ஆடு" என்றார் துரை. துரைமார்கள் பரீட்சைக்குப் படிக்கிற தமிழ் அது. அதில் எல்லாரும் நீதான்.

"எஸ் சார்."

கிராணி திரும்பினார். திரும்பினால் பின்புறம் துரைக்கு நேராக வரும். அவர் மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனார். அங்கிருந்து அந்தப் பந்து விழாது. அடித்தார், விழவில்லை.

சன்னாசிக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக அவர் குனிந்தபோதெல்லாம் பின்னால் இருந்தது சன்னாசி. சன்னாசிக்குப் பிட்டத்தைக் காட்ட அவருக்கு என்ன கூச்சம்? ஆனால் துரை பெரட்டுக்களத்தில் நடந்தால் நூறு பேர் சூரியகாந்தி மாதிரித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஏசி ஏசிக் கற்பித்தவர் இந்தக் கிராணிதான். மற்றவர்களுக்குக் கற்பித்ததில் தனக்கே எலும்பில் ஏறிவிட்டது. ஸ்நூக்கரோ பின்புறத்தை நீட்டாமல் ஆட முடியாத ஆட்டம். இதை அந்த ஆங்கிலப் புத்தகம் எழுதவில்லை. எழுதியவனுக்குத் துரை கிடையாது.

அடுத்த தடவையும் அதே கூத்து. துரை நகர நகர, கிராணி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தார். எட்டாத பந்தை எட்டாத பக்கத்திலிருந்து அடித்தார். துரை கொட்டாவி விட்டார். பதினாலாம் நம்பர் மரங்கள் வரிசையாகச் சன்னாசியின் கண்முன் நின்றன.

அவன் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, மேஜையின் கறுப்புப் பந்துப் பக்கம், இரண்டு ஜன்னலும் தெரிகிற மூலையில் போட்டான். பக்கத்தில் ஸ்டூல், அதில் விஸ்கி, சோடா.

"தொரை உக்காருங்க. இங்க ரோடு நல்லாத் தெரியும்."

துரை பார்த்தார், ரோடு தெரிந்தது, உட்கார்ந்தார். கிராணிக்கு மேஜையின் மூன்று பக்கம் விடுதலை கிடைத்தது. குனிந்தார். சிவப்பு விழுந்தது. நீலம் விழுந்தது. இன்னொரு சிவப்பு. துரை கிளாசைக் கீழே வைத்து, "குட்" என்றார். சன்னாசி முள்ளை நகர்த்தினான். இன்னும் கால் மணி நேரம் இந்த மனிதர் உட்கார்ந்திருந்தால் போதும், சாமி.

சாலையில் லாரி ஒன்று கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. துரை எழுந்து, கையைத் துப்பாக்கி மேல் வைத்துக்கொண்டு, கிராணிக்கு நேர் பின்னால் இருந்த ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

கிராணி அடிக்கிற அடியின் நடுவில் இருந்தார். எழவும் முடியவில்லை, அடிக்காமல் விடவும் முடியவில்லை. இடுப்புக்கு மேலே பந்தைப் பார்க்க, இடுப்புக்குக் கீழே துரையைப் பார்க்க முறுக்கினார். இடது கையின் கூரை இடிந்து விழுந்தது. கம்பு நுனி தாழ்ந்து துணிக்குள் இறங்கி, பச்சைத் துணியை ஒரு சாண் நீளத்துக்கு உரித்தது. அந்தச் சத்தம் சன்னாசிக்குத் தன் தோல் கிழிந்த மாதிரி இருந்தது.

லாரி ஸ்டோருக்கு வந்த நம் லாரிதான். துரை திரும்பி வந்து கிழிசலைப் பார்த்தார்.

கிராணி ஆங்கிலத்தில் பேசினார். சன்னாசிக்கு ஆங்கிலத்தில் எண்ணத் தெரியும், ஏச்சு தெரியும். 'மார்க்கர்' என்ற சொல்லும், துணி தொளதொளவென்று கிடந்தது என்பதைக் காட்டக் கிராணி கையை ஆட்டிய விதமும் போதுமாக இருந்தது. பொறுப்பற்ற பயல், இழுத்துக் கட்டவில்லை, நான் முதலிலேயே கவனித்தேன், சார்.

துரை குனிந்து கிழிசலுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினார். சன்னாசி கட்டிய துணி. உறுமித் தோல் மாதிரி விரலைத் திருப்பித் தள்ளியது.

"துணி நேரா இருக்கு" என்றார் துரை தமிழில். "கிராணி கோணலா இருக்கு."

கிராணியின் முகத்தில் எண்ணெய் மட்டும் மினுங்கியது.

"மார்க்கர். நீ ஆடுது?"

சன்னாசி யோசிக்க ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். ஆடினால் கிராணி சாகும்வரை மறக்க மாட்டார். ஆடாவிட்டால்? வாக்குக் கொடுத்த வாயே இப்போது அவனைக் காட்டிக் கொடுத்தது. அந்த வாக்குக்கு இனி என்ன பெறுமதி? அவன் கிராணியின் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டான்.

"கிராணி, நீ எண்ணு" என்றார் துரை.

பெரிய கிராணி எண்ணிக்கைப் பலகைக்குப் போய்ச் சுவரோடு நின்றார்.

சன்னாசி குனிந்தான். துரை எங்கே நிற்கிறார் என்று அவன் பார்க்கவில்லை. துணி துடைத்தும் பிரஷ் போட்டும் இத்தனை வருடம் எல்லாத் துரைக்கும் அவன் காட்டியது முதுகுதான். வேலைக்காரன் முதுகை யார் கவனித்தார்கள்? கிழிசலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பந்து கிடந்தது. உள்ளங்கையைத் தூக்கி, நாலு விரல் நுனியில் மட்டும் கையை நிற்க வைத்து, கிழிசலைத் தாண்டி மேலிருந்து அடித்தான். சிவப்பு போயிற்று. கறுப்பு போயிற்று. மறுபடி சிவப்பு. துரை கொட்டாவியை மறந்தார். நாற்காலியை மறந்தார். அவன் கடைசிக் கறுப்பைப் போட்டபோது ஜன்னல்கூட மறந்து, காட்டுக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்தார்.

"ரொம்ப மாசமா என்னை யாரும் தோக்கடிக்கலை" என்று ஆங்கிலத்தில் சொல்லி, தமிழுக்கு வந்தார். "என்னா வேணும்? சொல்லு. சிகரெட்? விஸ்கி?"

"தொரை, என் பொம்பளை ராக்கம்மா பதினாலாம் நம்பர்ல வெட்டுறா. காட்டோரம். பயமா இருக்கு தொரை. ரெண்டாம் நம்பருக்கு மாத்தணும்."

"அவ்வளவுதானா? சரி. கிராணி, மாத்து."

"எஸ் சார்" என்றார் கிராணி. பலகைக்குப் பக்கத்தில் நின்றபடியே, ரொம்ப மரியாதையாக, இந்தத் தடவை சன்னாசிக்கும் புரிய வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். பதினாலாம் நம்பரில் பால் நன்றாக இறங்குகிறது, அந்த மரங்களை விட முடியாது, ஆள் பற்றாக்குறை. மார்க்கருக்குக் காலையில் ஒரு வேலையும் இல்லை. முந்தி பால் வெட்டியவன்தான். காலையில் அவன் பெண்சாதி மரங்களை அவன் வெட்டலாம். மத்தியானம் கிளப்பு.

துரைக்கு அது பிடித்துப் போயிற்று. அவர் முகத்தில் ஒரு கணக்கு நேரானது போல் வெளிச்சம் வந்தது. "நல்ல ஐடியா. காலையில மரம். மத்தியானம் பந்து. திங்கள் மூணு மணிக்கு வா." தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். சன்னாசி கேட்டதைக் கொடுத்தார். கூடவே இன்னொன்றையும் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் யாராவது ஒருவன் பதினாலை வெட்டித்தானே ஆக வேண்டும்?

கிராணி கதவருகில் நின்றார். முதல் தடவையாக ஜன்னலைச் சாத்தாமல் பேசினார்.

"நான் வாக்கு மாறல, பாத்தியா? ரெண்டாம் நம்பர்னேன். ரெண்டாம் நம்பர்."

"அய்யா பெரிய மனசு" என்றான் சன்னாசி. "கை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கி வைங்க. பலகையில முள்ளு நகத்துறப்ப நடுங்குது."

வீட்டில் ராக்கம்மா கேட்டுவிட்டு, தன் கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீ பொழச்சேல்ல" என்றான்.

"யாரு கேட்டா? வெட்டத் தெரிஞ்ச எனக்கே அங்க ஒரு கண்ணு காட்டு மேலதான் இருக்கும். பதினேழு வருசமா கத்தி புடிக்காத மனுசன், வெள்ளக்காரன் மேஜையத் தொடச்சே கை பூவாப் போச்சு. கெராணிக்குச் சொல்லிக் குடுத்த நேரத்துக்கு என்கிட்ட ஒரு தடவ கத்தி புடிக்கக் கத்துக்கிட்டிருக்கலாம்."

"இப்ப சொல்லிக் குடு."

"என்னத்த? பட்டைய மட்டும் சீவணும், கட்டையத் தொடக் கூடாது. அது போகப் போக வந்துரும். மத்ததக் கேட்டுக்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சுங்கைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டா ஓடாத. ஓடுனா சுடுவான். அரிசி கேட்டா கேட்டுல சோதிக்கிறான்னு சொல்லு. பட்டாளம் வந்து யாராச்சும் வந்தானான்னு கேட்டா வரலன்னு சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கும்புடு. ஒருத்தனுக்குக் கூடக் குறைய வச்சேன்னா இன்னொருத்தன் எங்கிருந்தோ பாத்துக்கிட்டு இருப்பான்."

திங்கட்கிழமை பெரட்டில் கிராணி நிமிர்ந்து நின்று பெயர் படித்தார். ராக்கம்மா, ரெண்டு. சன்னாசி, பதினாலு. வரிசையில் யாரோ சிரித்தார்கள். பால் வெட்டும் தங்கராஜு, "மார்க்கரே, சாக் எடுத்துக்கிட்டீங்களா?" என்றான். வேலிக் கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சன்னாசியின் மடியைத் தட்டிப் பார்த்தான், வாளிக்குள் கைவிட்டுத் துழாவினான், தண்ணீர்ப் போத்தலை ஆட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

கேட்டுக்கு வெளியே வழி இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் கூட்டம் ஆபீஸ் பக்கத்து மரங்களுக்குத் திரும்பியது. சன்னாசி வாளியை மாட்டிக்கொண்டு சுங்கைப் பக்கம் இறங்கினான். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் முதல் மரம் தெரிந்தது. பட்டை மேல் கத்தியை வைத்து இழுத்தான். ஆழமாகப் போய்விட்டது, பாலுக்குப் பதில் மரத்தின் வெள்ளைக் கட்டை தெரிந்தது. கை எரிந்தது. சுங்கைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிளை முறிந்தது, குரங்காகவும் இருக்கலாம். அவன் அடுத்த மரத்துக்குப் போனான்.

மேட்டிலிருந்து, இவ்வளவு தூரத்துக்கும் கேட்கிற மாதிரி, ராக்கம்மாவின் குரல் வந்தது.

"மெதுவா வெட்டுய்யா! அது என் மரம்! காயம் பட்டா மண்டோர் என் பேரச் சொல்லித்தான் ஏசுவான்!"